கொல்லன் தெருவில் ஊசி

பெங்களூர் ஜெயநகரில் ஒரு வீட்டு மாடி. வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. 2018இல் ஒரு திங்கட்கிழமை காலை, பத்தாவது ஜோடியாக என்னுடையதையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். பத்திரிகை வேலை போய் மூன்று மாதமாகியிருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பில் வந்த காசில் வாடகையைக் கொடுத்தால் பால் கணக்கு பாக்கி நின்றது.

“எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இங்கே என்ன வேலை?” கேள்வியைக் கேட்டவள் நான்தான்.

நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் ஹூப்ளிக்காரர், அதிகம் பேசமாட்டார். இளையவருக்குத் திருநெல்வேலி. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். “அக்கா, நாங்க எழுதுற இங்கிலீஷ் எங்களுக்கே புரியலை. புரியாததைப் புரியிற மாதிரி எழுதித்தானே நீங்க இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கீங்க?” என்றார். அவர்கள் செய்த சாஃப்ட்வேருக்கு வழிகாட்டி எழுதுவது என் வேலை என்று முடிவாயிற்று.

அந்தச் சாஃப்ட்வேர் உங்களுக்கும் எனக்கும் பயன்படாது. புரோகிராமர்களுக்காகப் புரோகிராமர்கள் செய்த கருவி அது. ஒரு கடையின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்திருக்கிறது, வியாபாரம் நடக்கிறது. அந்த நேரத்தில் பேரேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும், பழைய பத்தி ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு கணக்கும் தவறக் கூடாது, வந்த வாடிக்கையாளர் காத்திருக்கவும் கூடாது. டேட்டாபேஸ் வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. அதற்கான தைலம்தான் இவர்களுடைய சரக்கு.

“கொல்லன் தெருவில் ஊசி விற்கிறீர்கள்” என்றேன்.

இளையவர் சிரித்தார். “அதேதான் அக்கா. டெமோ காட்டினா பாதிப் பேர், ‘இதை நானே ஒரு வாரத்துல எழுதிடுவேனே’ங்கிறான். உண்மை என்னன்னா, அவனால எழுதவும் முடியும்.”

இந்த வியாபாரத்தின் விசித்திரம் இதுதான். வாங்க வருபவனுக்கு விற்பவன் தொழில் தெரியும். விளம்பரம் அவனிடம் எடுபடாது. கழுத்தில் டை கட்டிய விற்பனைப் பிரதிநிதியைக் கண்டால் எழுந்து போய்விடுவான். கருவியை இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். ஒருவன் இரவில் தனியாகப் பயன்படுத்திப் பார்ப்பான். பிடித்திருந்தால் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்வான். ஒரு குழுவே அதை நம்பி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான், ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அவன் முதலாளிக்கு பில் அனுப்ப முடியும்.

இப்படி வளர்ந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அபினவ் அஸ்தானா 2012இல் குரோம் பிரவுசருடன் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவியாக எழுதியதுதான் போஸ்ட்மேன். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 2014இல் பெங்களூரில் அதை நிறுவனமாக்கினார். 2021இல் அதன் மதிப்பு 560 கோடி டாலர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த ரிதேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011இல் ஆரம்பித்த பிரவுசர்ஸ்டாக், ஒரு வலைத்தளம் எல்லா வகை பிரவுசர்களிலும் போன்களிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறது. வாடிக்கையாளர் தந்த பணத்திலேயே ஏழு வருடம் நடந்து, 2018இல்தான் வெளி முதலீடு வாங்கியது.

சரிந்தவர்களும் உண்டு. புரோகிராமர்கள் கொண்டாடிய ரீதிங்க்டிபி என்ற அமெரிக்க டேட்டாபேஸ் நிறுவனம் 2016 அக்டோபரில் மூடப்பட்டது. கருவி செய்வது புரோகிராமர்களுக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் ஆளாளுக்குச் செய்து இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள், விலை தரைமட்டமாகிவிடுகிறது என்பது அதன் நிறுவனர் பின்னர் எழுதிய காரணங்களில் ஒன்று. எங்கள் மாடியில் அந்தக் கட்டுரையை எல்லாரும் படித்திருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படியானால் கொல்லன் ஏன் ஊசி வாங்குகிறான்? அது எனக்குப் புரிய ஒரு வருடமும் ஒரு தப்பும் தேவைப்பட்டன.

2019 ஆகஸ்ட். வழிகாட்டியில் ஒரு பக்கத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். பேரேட்டில் புதிய அட்டவணை ஏறியதும் பழையது என்ன ஆகும் என்பதைச் சொல்லும் பக்கம். கட்டளையோடு ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லைச் சேர்த்தாலொழிய பழைய அட்டவணை தங்காது என்ற பொருளில் இன்ஜினீயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒரு ‘அன்லெஸ்’, ஒரு ‘நாட்’. படிப்பவன் தலை சுற்றும் என்று நினைத்தேன். நேராகச் சொல்லிவிடலாம் என்று, ‘ஸ்டேஜ் என்று சேர்த்தால் பழைய அட்டவணை நீங்கிவிடும்’ என்று மாற்றினேன்.

தலைகீழ். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஓர் உடன்பாடு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். இன்ஜினீயரிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவர் படித்தது என் வாக்கியத்தை அல்ல, தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை. பத்திரிகையில் புரூஃப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் பழக்கம்தான்.

எட்டு நாள் அந்த வரி அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, புனேயிலிருந்து போன் வந்தது. ஆன்லைனில் பொருள் விற்கும் சின்ன நிறுவனம். முந்தைய இரவு அவர்களுடைய இளம் புரோகிராமர் ஒருவர், பழைய அட்டவணை பத்திரமாக இருக்கட்டும் என்று வழிகாட்டியைப் பார்த்து, ‘ஸ்டேஜ்’ சேர்க்காமல் கட்டளையைத் தட்டியிருக்கிறார். புதிய அட்டவணையும் ஏதோ காரணத்தால் பாதியில் நின்றுவிட்டது. பழையதும் போய்விட்டது. கடைசியாக எடுத்த நகல் வெள்ளிக்கிழமை அதிகாலையில் எடுத்தது. ஒரு நாள் ஆர்டர்கள் முழுவதும் காணாமல் போயிருந்தன.

பத்து மணிக்கு எல்லாரும் மாடியில் கூடிவிட்டோம். இரண்டு பேரைப் புனேக்காரர்களோடு போனில் உட்காரவைத்தார்கள். பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் கணக்கு, வாடிக்கையாளர்களுக்குப் போன ஈமெயில்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடி ஆர்டர்களைத் திரும்பக் கட்டும் வேலை ஞாயிறு இரவுவரை நடந்தது. பதினான்கு ஆர்டர்கள் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த அறையில் வேறு விவாதம். அப்போது ஒரு முதலீட்டாளருடன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கையிருப்பு நான்கு மாதச் சம்பளத்துக்குத்தான் வரும். வரியைத் திருத்தியாகிவிட்டது, புனேக்கு உதவியும் செய்கிறோம், இதோடு விட்டுவிடலாம் என்பது மூத்தவரின் கருத்து. “பாதிக்கப்பட்டது ஒருத்தர். ஊர் முழுக்கத் தண்டோரா போடணுமா?” அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாடியில் இருந்த அத்தனை பேர் வீட்டு வாடகையும் அவர் தலையில் இருந்தது.

இளையவர் ஒன்றுதான் சொன்னார்: “அந்த எட்டு நாள்ல அந்தப் பக்கத்தை வேற யார் யார் படிச்சாங்கன்னு நமக்குத் தெரியாதே. இன்னைக்கு ராத்திரி யாராவது அதே கட்டளையைத் தட்டினா?”

பிறகு கிட்லேப் கதையை நினைவுபடுத்தினார். 2017 ஜனவரி 31 அன்று அந்த நிறுவனத்தின் இன்ஜினீயர் ஒருவர் இரவு நேரக் களைப்பில், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 தான் மிச்சம். ஐந்து வகை நகல் ஏற்பாடுகளில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை என்று அவர்களே எழுதினார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். ஆனால் நிறுவனம் நொடிந்துவிடவில்லை. (2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கும் போனது.) “அந்த ராத்திரி நான் காலேஜ் ஹாஸ்டல்ல உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்க மேல கோபமே வரலை. நம்மாளுங்கன்னு தோணிச்சு” என்றார்.

மூத்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “சரி, எழுதுங்க” என்றார். எழுத வேண்டியவள் நான்.

முதல் வரைவைப் படித்துவிட்டு இளையவர் தலையை ஆட்டினார். ‘வழிகாட்டியின் ஒரு பகுதியில் தெளிவின்மை ஏற்பட்டிருந்தது. சில சூழ்நிலைகளில் சிலருக்குச் சிரமம் நேர்ந்திருக்கலாம்.’ பத்திரிகையில் இருந்தபோது எத்தனையோ அரசு அறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த நடை கையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. தானாக ஏற்பட்டது, தானாக நேர்ந்தது.

“இதுல எழுவாயே இல்லையே அக்கா” என்றார். தமிழ் எம்.ஏ.வுக்கு ஒரு கம்ப்யூட்டர்காரர் இலக்கணம் சொன்னார். முகம் சிவந்தது. ஆனால் சொன்னது சரி.

இரண்டாவது வரைவில் எழுவாய் இருந்தது. இந்த வரியை நாங்கள் தவறாக எழுதினோம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை அது அப்படியே இருந்தது. இந்தக் கட்டளையைத் தட்டியவர்களுக்கு இது நடந்திருக்கும். நடந்ததா என்று பார்ப்பது இப்படி, மீட்பது இப்படி. எங்களால் ஒரு வாடிக்கையாளர் ஒரு நாள் ஆர்டர்களை இழந்தார். என் பெயரைப் போடச் சொன்னேன். “நாங்கன்னா போதும். படிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்னதும் நாங்கதான்” என்று மூத்தவர் மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலையே கருவியைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் கடிதம் போயிற்று. ஞாயிறு காலைக்குள் இரண்டு நிறுவனங்கள் பதில் எழுதின. அன்றிரவு அதே கட்டளையைத் தட்டுவதாக இருந்தார்களாம்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் அதைவிட அதிகமாக வந்தவை யோசனைகள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: வரி தப்புதான், ஆனால் அதற்கு முன்னாலேயே கருவி தப்பு. ஒரு சொல்லை மறந்தவனுடைய பேரேடு ஏன் அழிய வேண்டும்? அழி என்று வாய்விட்டுக் கேட்டவனுக்குத்தானே அழிய வேண்டும்? மாற்றத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். அடுத்த வாரமே கருவி மாறியது. ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லே ஒழிந்தது. இப்போது பழைய அட்டவணை தானாகவே தங்கும். அழிக்க வேண்டுமானால் அதன் பெயரை எழுத்துக்கு எழுத்து தட்ட வேண்டும்.

கொல்லன் ஊசி வாங்கும் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊசி ஒடியும் என்று அவனுக்குத் தெரியும், அவனே ஆயிரம் ஒடித்திருக்கிறான். எங்கே ஒடியும் என்று விற்பவன் ஒளிக்காமல் சொல்வானா என்றுதான் பார்க்கிறான். தானே செய்துகொள்ளக்கூடிய பொருளைக் காசு கொடுத்து வாங்கும்போது, அந்தக் கவலையைத் தனக்குப் பதிலாக வேறொருவன் நேர்மையாகப் படுகிறான் என்ற நிம்மதிக்குத்தான் அந்தக் காசு.

இதற்கு உடனடிப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலீட்டாளர் பேச்சைத் தள்ளிப்போட்டார், பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கடிதம்தான் காரணமா என்று அவர் சொல்லவுமில்லை, இவர்கள் கேட்கவுமில்லை. நிறுவனர்கள் இருவரும் ஐந்து மாதம் சம்பளம் எடுக்கவில்லை. ஒன்பது பேரில் இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். புனே நிறுவனம், உதவிக்கு நன்றி சொல்லிவிட்டு, மரியாதையாக விலகிக்கொண்டது.

நான் 2022இல் மொழிபெயர்ப்புக்கும் பத்திரிகைக்கும் திரும்பிவிட்டேன். நிறுவனம் இப்போது நாற்பது பேரோடு வேறிடத்தில் நடக்கிறது. சென்ற மாதம் இளையவர் பேசினார். “அக்கா, இப்பல்லாம் வழிகாட்டியை ஆளுங்களுக்கு முன்னாடி ஏ.ஐ. படிச்சிடுது. படிச்சுட்டு அதுவே கட்டளையை எழுதிக் கொடுக்குது. சந்தேகம் வந்தா மனுஷன் போன் பண்ணுவான். அது பண்ணாது.” குரலில் பழைய பயம் இருந்தது. நல்ல பயம்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். 2021இல் ஒரு விசாரணை வந்தது. ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம், முப்பது பேருக்குக் கருவி வேண்டும், விலை என்ன என்று கேட்டது. எழுதியவர் புனேயில் அந்த வெள்ளிக்கிழமை இரவு கட்டளையைத் தட்டிய அதே பையன். வேலை மாறியிருந்தார். கடிதத்தின் கடைசி வரியை இளையவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“வழிகாட்டியில் ‘அன்லெஸ்’ இன்னும் எங்காவது இருக்கிறதா?”

அன்று மாலை முழுக்க உட்கார்ந்து தேடினேன். மூன்று இருந்தன. மூன்றையும் எடுத்தேன். இந்த முறை இரண்டு பேரை என் எதிரில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.