அரக்குத் திரையும் நொய்யல் ஆறும்

சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு ஜவுளிக் கடையில் ஜன்னல் திரை வாங்கினேன். அரக்கு நிறம். கடை விளக்கில் அது அரண்மனைத் திரையைப் போல் ஜொலித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து ஜன்னலில் மாட்டினேனோ இல்லையோ, அரண்மனை மாயமாய் மறைந்துவிட்டது. காலை வெயிலில் திரை பழைய செங்கல் நிறமாகத் தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கறுத்துப்போய்க் கூடத்தைச் சினிமாக் கொட்டகை ஆக்கிற்று. பையன் பாடப் புத்தகத்தோடு சமையலறைக்குக் குடிபெயர்ந்தான். "கூடத்துக்குள் வந்தாலே காரணமில்லாமல் எரிச்சலாக வருகிறது" என்றாள் என் மனைவி. திரையைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்!

துணியின் நிறம் மனத்தை அப்படியும் ஆட்டிவைக்குமா? நிறத்திலேயே பிழைக்கும் ஊரில் கேட்பதுதான் முறை என்று திருப்பூருக்கு ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கொடி காத்த குமரனின் நினைவகம் இருக்கிறது. 1932-ஆம் ஆண்டு ஜனவரியில், தடியடி பட்டும் கையிலிருந்த கொடியை விடாமல் உயிர் நீத்த இளைஞர் அவர். நிறத்துக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம். சற்றுத் தள்ளிக் காதர்பேட்டை. மஞ்சள், பச்சை, ஊதா என்று பனியன்கள் குவிந்து கிடக்கின்றன. இத்தனை நிறமும் எங்கே பிறக்கிறது என்று பார்க்க, நண்பர் ஒருவர் என்னைச் சாயப்பட்டறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே சாய மாஸ்டர் ஒருவர். முப்பது வருஷத் தொழில். பையிலிருந்த அரக்குத் திரையை எடுத்து நீட்டினேன். "இது நம்மூர் பனியன் துணி இல்லீங்க, கரூர்ச் சரக்கு மாதிரி இருக்குது. ஆனா சாயம் எங்கே போனாலும் சாயந்தானுங்க" என்று சொல்லி, ஒரு பெட்டிக்குள் அதை வைத்தார். பெட்டிக்குள் பலவிதமான விளக்குகள். ஒரு பொத்தானை அழுத்தினால் பகல் வெளிச்சம், இன்னொன்றில் கடை விளக்கு, மற்றொன்றில் வீட்டு மஞ்சள் பல்பு. ஒரே துணி ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு நிறமாய்த் தெரிந்தது!

"நீங்க துணியை வாங்கலீங்க சார், கடைக்காரர் வெளிச்சத்தை வாங்கிட்டு வந்துட்டீங்க" என்றார் மாஸ்டர்.

நேயர்களே, திரையோ மெத்தை விரிப்போ வாங்கப் போனால், துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முடிந்தால் ஒரு துண்டு வாங்கிவந்து, அது தொங்கப்போகும் இடத்திலேயே காலையிலும் இரவிலும் பார்த்துவிடுங்கள். அந்தி வேளையில் என் திரை கறுத்ததற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்கு முதலில் இருண்டு போவது சிவப்பு. நீலம் இன்னும் சிறிது நேரம் தெரிந்துகொண்டிருக்கும். புர்க்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

பக்கத்து நிறமும் சூழ்ச்சி செய்யும். பாரிஸ் நகரத்தில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரோல் என்ற ரசாயன நிபுணர். 'கறுப்பு நூல் எடுப்பாக இல்லை' என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் கறுப்பை மங்கடித்துக்கொண்டிருந்தன. இதைப் பற்றி அவர் 1839-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். ஆகவே, சுவரின் நிறத்தை மறந்துவிட்டுத் திரை வாங்குவது, பெண்ணைப் பார்க்காமல் புடவை எடுப்பது மாதிரிதான்.

சரி, மனத்தின் சங்கதி என்ன? 'நீலம் சாந்தி தரும், சிவப்பு சண்டை மூட்டும்' என்று அட்டவணை போட்டுச் சொல்கிறவர்களை முழுதும் நம்பிவிடாதீர்கள். 1979-ல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு ரோஜா வர்ணம் அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கிவிட்டது என்று பேச்சு எழுந்தது. பல ஊர்ச் சிறைகள் ரோஜா நிறமாயின. பிறகு ஸ்விட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாகச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ரோஜா அறைக்காரர்களின் கோபத்துக்கும் வெள்ளை அறைக்காரர்களின் கோபத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை!

ஆனால் வெளிச்சத்தின் சங்கதி வேறு. வெளிர்ச் சுவர் வந்த வெளிச்சத்தை அறைக்கே திருப்பித் தரும். அழுத்தமான நிறம் அதை விழுங்கிவிடும். நம் பாட்டிமார் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து சுவருக்கு அடித்து, கீழே காவிப் பட்டை தீட்டினார்களே, எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள்?

"உங்கள் வீட்டில் என்ன நிறத் திரை?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"எல்லாமே வெள்ளையும் சந்தனமுந்தானுங்க" என்று சிரித்தார். "வாங்க, ஏன்னு காட்டறேன்."

ஊருக்கு நடுவே ஓடும் நொய்யல் பாலத்துக்கு என்னை அழைத்து வந்தார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்புப் போட வேண்டும். அழுத்தமான நிறம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். கடல் நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான்! இலேசான நிறத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை. ஒட்டாத சாயத்தோடு கழிவுநீரில் போகிறது. அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில்தான் கலந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குளமாயிற்று. கிணறுகள் உவர்ந்தன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள். அவற்றை நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பும் அவற்றோடு அணைந்தது.

"மாசக் கணக்கா சும்மா உக்காந்திருந்தேனுங்க. கோர்ட்டு மேலே கோவமா வந்துது. அப்புறம் நெனச்சுப் பார்த்தேன். எங்கப்பாரு இந்த ஆத்துல குளிச்சவருங்க. நான் குளிச்சதில்லே" என்றார் மாஸ்டர்.

பட்டறைகள் மீண்டும் திறந்தபோது விதி ஒன்றுதான்: ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது. இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகிக்கிறார்கள். அதற்குச் செலவு அதிகம். திருட்டுத்தனமாகச் சாயநீர் விடுவதாக அவ்வப்போது புகார் எழுவதும் உண்டு.

அரக்குத் திரையை என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? அத்தனை உப்பும் நீரும் செலவழித்துச் செய்ததைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வெட்டி நான்கு தலையணை உறைகள் தைத்தாயிற்று. வெளிர்ச் சுவருக்கு எதிரே நாற்காலிகளில் அவை நிஜமாகவே ராஜ களையுடன் இருக்கின்றன. அழுத்தமான நிறம் கூடத்துக்கு அவ்வளவு போதும். ஜன்னலில் இப்போது சந்தன நிறத் திரை. பையன் புத்தகத்தோடு திரும்பி வந்துவிட்டான்.

என் மனைவியின் எரிச்சலும் பெரும்பாலும் போய்விட்டது. மீதிக்குத் திரை பொறுப்பல்ல என்று தெரிகிறது!