தீனி வைத்தவரையும் அழைத்து வாருங்கள்

‘மாடு திடீரென்று படுத்துவிட்டால் டாக்டர் வரும்வரை என்ன கொடுக்கலாம்?’ கேள்வி-பதில் பகுதிகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. என்ன கொடுக்கலாம் என்பதைவிட, மாட்டோடு யார் வரவேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நாமக்கல் மாவட்டத்தில் இரவுப் பணியும் உள்ள ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அவசரக் கேஸ்கள் நடுராத்திரியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்குக் கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான். காரணம் எளிது. பால் கறக்கும் நேரத்தில்தான் வீட்டில் யாராவது ஒருவர் மாட்டின் முகத்தை நின்று பார்க்கிறார். ‘காலையில வச்ச தீனி அப்படியே இருக்குதே’ என்று அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு வண்டி தேட ஒரு மணி நேரம். மாடு என்றால் குட்டி யானை வண்டி, ஆடு என்றால் டிவிஎஸ் எக்ஸெல்லில் மடிமேல் படுக்கவைத்து. ஒரு பாட்டி முந்தானையில் சுற்றிய சேவலோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று மாடுகளுக்குப் பின்னால் பொறுமையாக வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவும் அவசரம்தான்.

வண்டியிலிருந்து இறங்குபவர் பெரும்பாலும் வீட்டு ஆண். கூடவே பக்கத்துக் காட்டுக்காரர், மாமன், மச்சான். அவர்களைக் குறைசொல்லவில்லை. ராத்திரியில் நானூறு கிலோ உடம்பைத் தூக்கி ஏற்றி இறக்க ஆள் வேண்டும். ஆனால் நான் முதல் கேள்வி கேட்டதும் அந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

“கன்று போட்டு எத்தனை நாள் ஆச்சுங்க?”

“ஒரு வாரம் பத்து நாள் இருக்குமுங்க டாக்டரம்மா.”

“கடைசியா சாணி எப்பப் போட்டுச்சு?”

“அது... வீட்ல கேக்கணுமுங்க.”

அப்படிக் கேட்கச் சொல்லி, போனை வாங்கி நானே பேசிய ஒரு மாடு நினைவுக்கு வருகிறது. ராசிபுரம் பக்கத்துக் கலப்பினப் பசு, நாலாம் ஈத்து. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. காது மடல் ஐஸ் மாதிரி. இந்தப் பக்கம் ‘ஒரு வாரம்’ என்றார் வீட்டுக்காரர். போனில் அந்த அம்மா, “முந்தாநாள் வெடியக்காலம் போட்டுச்சுங்க. சீம்பாலே ரெண்டு கேன் கறந்தோமுங்க” என்றார். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கன்று போட்ட மூன்று நாளுக்குள், நிறையக் கறக்கும் மாடு, உடம்பு குளிர்ந்து படுத்துவிட்டது என்றால் முதலில் நினைக்கவேண்டியது பால் சுரம். பெயரில்தான் சுரம் இருக்கிறது, உடம்பில் சூடு இருக்காது. ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாக மடிக்கு இறங்கிவிடுவதால் தசை எல்லாம் சோர்ந்துபோகிறது.

கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றவேண்டும். ஒரு கை பாட்டிலில், ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். ‘சீக்கிரம் ஏத்துங்க’ என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள், கேட்கக்கூடாது. பாட்டில் பாதி இறங்கும்போது அந்த மாட்டின் தோல் நடுங்கியது, பிறகு ஒரு ஏப்பம். போனை இன்னும் வைக்காமல் இருந்த அந்த அம்மா கேட்டார்: “சாணி போட்டுச்சுங்களா?” கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அறிகுறி அதுதான். வயிறு அசைந்து சாணம் தள்ளினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அரைமணி நேரத்தில் சாணி போட்டது, அப்புறம் எழுந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மடியை ஒட்டக் கறக்கவேண்டாம் என்பதையும் அந்த அம்மாவிடமே சொன்னேன். கறப்பவர் அவர்தானே.

அதே நோயில் காப்பாற்ற முடியாமல் போன மாடுகளும் உண்டு. நான் பார்த்தவற்றில் பலவற்றுக்குக் காரணம் வாயில் ஊற்றியது. படுத்த மாட்டின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயில் எண்ணெயோ கசாயமோ ஊற்றுவார்கள். சோர்ந்த மாட்டால் ஒழுங்காக விழுங்க முடியாது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும். கால்சியம் போட்டு மாடு எழுந்துகூட நிற்கும். மூன்றாம் நாள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். நாட்டு மருந்தை நான் ஏளனம் செய்வதில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொல்லி நானே அனுப்பியிருக்கிறேன். மருந்து எதுவானாலும், எழுந்து நிற்க முடியாத மாட்டுக்கு வாய்வழி வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழுமே என்று மறைப்பவர்கள் நிறையப் பேர்.

பொங்கலுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் எங்கள் மருத்துவமனையில் உட்கார நேரம் இருக்காது. வயிறு உப்பி, கண் குழிவிழுந்து, தள்ளாடிக்கொண்டு மாடுகள் வரும். “என்ன தின்னுச்சு?” என்றால், “ஒரு உருண்டை பொங்கச்சோறு தானுங்க” என்பார்கள். பொய்யில்லை. பெரியவர் ஒரு உருண்டை, மகன் ஒரு உருண்டை, ஊரிலிருந்து வந்த மகளும் பேரனும் ஆளுக்கு ஒன்று, தெருவில் ஓட்டிப்போனபோது வீட்டுக்கு வீடு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லக்கூடிய ஆள் கட்டுத்தரையைக் கூட்டுபவர் மட்டும்தான். சோறு ஒரேயடியாக இரைப்பைக்குள் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். அமிலம் ரத்தத்திலுள்ள நீரை வயிற்றுக்குள் இழுக்கும். கண் குழிவது அதனால்தான். ஓர் உருண்டையா, ஒரு குண்டாவா என்பது தெரிந்தால்தான் சோடா மருந்தும் குளுக்கோஸும் போதுமா, வயிற்றைத் திறந்து அள்ளி எடுக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உடனே அனுப்பவேண்டுமா என்று முடிவு செய்யமுடியும். தாமதமாக அனுப்பினால் போய்ச்சேர்வதற்குள் முடிந்துவிடும்.

மரவள்ளியில் அந்த அவகாசமும் இல்லை. எங்கள் பக்கம் கிழங்கு பிடுங்கும் காலத்தில் தழையும் தோலும் எங்கே பார்த்தாலும் கிடக்கும். அதிலுள்ள சயனைடு நஞ்சு பசியோடு இருக்கும் ஆட்டை மணிக்கணக்கில் அல்ல, நிமிஷக்கணக்கில் சாய்த்துவிடும். ஒருநாள் ஆறு வெள்ளாடுகள் வந்தன. ஓட்டிவந்தவர் ‘பாம்பு கடிச்சிருக்குமுங்க’ என்றார். கூட வந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண், “நேத்துக் கெழங்கு புடுங்குன காட்டுல மேஞ்சுதுங்க” என்று மெல்லச் சொன்னாள். ஆடுகளின் கண் உள்தோல் செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு ஊசி மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நரம்பில் போட்டோம். இரண்டாவது மருந்து சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ‘ஹைப்போ’ என்று டப்பாவில் வைத்திருப்பார்களே, அதே உப்பு. நஞ்சைச் சிறுநீரில் போகக்கூடிய பொருளாக மாற்ற அது உதவுகிறது. நாலு ஆடு பிழைத்தது. பாம்புக்கடி என்று நினைத்து விஷமுறிவு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஆறும் போயிருக்கும். மரவள்ளித் தழை போட்டே ஆகவேண்டும் என்றால் வெயிலில் நன்றாக உலரவிட்டு, வேறு தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். நஞ்சு குறையும்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஓர் ஆவணிக் கடைசியில் ஒரு மாடு வந்தது. வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டால் குடிக்கப் போகிறது, விழுங்க முடியவில்லை. அடிக்கடி அடித்தொண்டையில் கத்துகிறது. “பனங்கொட்டையோ என்னமோ தொண்டையில சிக்கிருச்சுங்க. நானும் தம்பியும் கைய விட்டுப் பாத்தோம், சிக்கலைங்க” என்றார் வீட்டுக்காரர். கிராமத்தில் எல்லோரும் செய்வது இதுதான். நான் கையுறை இல்லாமல் யாரும் தொடவேண்டாம் என்று விலகச் சொன்னேன். “நாய் ஏதாச்சும் கடிச்சுதுங்களா?” “இல்லீங்க, சத்தியமா இல்லீங்க.” அவர் அறிந்தவரை அது உண்மை.

வண்டியில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் சொன்னான்: “ஆடி நோம்பி அன்னிக்கு ஒரு நாய் மூஞ்சியில கவ்விட்டு ஓடுச்சே. ஆயா மஞ்சள் வச்சுது.” அப்பா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆடி நோம்பிக்கு ஊருக்கு வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததில் அந்தச் சேதி அவர் காதுக்கு வரவே இல்லை. காயமும் சின்னது, ஆறிப்போயிருந்தது.

வெறிநோய் வந்த மாட்டுக்கு வைத்தியம் கிடையாது. அன்றிரவு அந்த மருத்துவமனையில் நோயாளி மாடு அல்ல, வீட்டு மனிதர்கள். யார் யார் வாயில் கைவிட்டது, யார் கையில் கீறல் இருக்கிறது, யார் எச்சிலைத் துடைத்தது என்று போனில் ஆயாவிடமும் மருமகளிடமும் கேட்டுப் பெயர் பெயராக எழுதினேன். எல்லோரும் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவவேண்டும், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும், ஒரு தவணைகூட விடக்கூடாது. காய்ச்சிக் குடித்த பாலைப் பற்றிப் பயம் வேண்டாம் என்றும் சொன்னேன். ஐந்து பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மாட்டை ஆள் அண்டாமல் தனியே கட்டச் சொன்னோம். மூன்றாம் நாள் செத்தது, ஆழக் குழிவெட்டிப் புதைத்தார்கள். அந்தப் பையன் வண்டியில் தொற்றிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நாய் கடித்த அன்றே வந்திருந்தால் மாட்டுக்கும் தடுப்பூசி உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஆட்கள் நாலு பேர் வரட்டும். ஐந்தாவதாகத் தீனி வைப்பவர், பால் கறப்பவர், மேய்ப்பவர் இவர்களில் ஒருவர் வரட்டும். வரமுடியாது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கட்டும். 1962 எண்ணுக்குப் பேசும்போதும் அவர் பேசுவதே நல்லது. சினை ஊசி போட்ட தேதி, கன்று போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி இவற்றைத் தினக்காலண்டரில் கிழிக்கிற தாளில் எழுதாமல் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். பதறும் நேரத்தில் யாருக்கும் தேதி நினைவில் நிற்காது.

எல்லா மாட்டையும் காப்பாற்ற முடிவதில்லை. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். கன்று போட்டவுடன் கருப்பை முழுவதும் வெளியே தள்ளிவிட்டது. ஈரத்துணியில் சுற்றி, காக்கை நாய் அண்டாமல் பார்த்து, பின்பக்கத்தை மேடாக்கிப் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். செய்யவேண்டியதை எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். ஆனால் உள்ளே ரத்தக்குழாய் அறுந்திருந்தது. மேசை விளக்கை அணைக்கும்போது மணி இரண்டரை இருக்கும்.

வீட்டுக்காரர் இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்டார். கேட்கவேண்டியதுதான், அது அவர்கள் வீட்டின் ஒரே கறவை. காது வில்லையைக் கழற்றாதீர்கள், கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்காதீர்கள் என்றேன். அவர் மனைவியும் வந்திருந்தார். அதுவரை மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், “கன்னுக்கு எதைக் குடுக்கறதுங்க?” என்று கேட்டார்.

செத்த மாட்டின் மடியில் இருந்த சீம்பாலை அப்போதே கறந்து தூக்கில் ஊற்றினோம். முதல் ஊட்டு விடிவதற்குள் போய்விடவேண்டும், நேரம் ஆக ஆகச் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் வாங்காது. வெந்நீருக்குள் தூக்கை வைத்துக் கைபொறுக்கும் சூட்டில் கொடுங்கள், அடுப்பில் நேரே வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும். பக்கத்தில் யார் வீட்டிலாவது மாடு கன்று போட்டிருந்தால் இன்னும் இரண்டு நாளுக்குச் சீம்பால் கேட்டு வாங்குங்கள். பிறகு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், அதாவது இருபத்தைந்து கிலோ கன்றுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. தலையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காமல், விரலைச் சப்பவிட்டுப் பழக்குங்கள். ஓபி சீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொடுத்தேன். அவர் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, தூக்கோடு வண்டியில் ஏறினார்.