மெடல் எனக்கு, ஸ்ட்ரிப் அவளுக்கு

கொஞ்சம் நீளமான இழை இது. டைம் இருக்கிறவங்க டீயோட உட்காருங்க. ஃபிட்னஸ் அட்வைஸ் இல்ல, பயப்படாதீங்க. நான் செஞ்ச ஒரு தப்பு இதுல இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

வடசென்னைல ஒரு அரசு ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டர் நான். வெறும் எம்.பி.பி.எஸ். தான். பி.ஜி. நீட் மூணு தடவை எழுதிட்டு இப்போதைக்கு அந்தப் புத்தகங்களைப் பரண்ல ஏத்தி வச்சிருக்கேன். வயசு முப்பத்தஞ்சு. சில வருஷம் முன்னாடி எடை 91 கிலோ, ஃபேட்டி லிவர், பார்டர்ல சுகர். பேஷண்டுக்கெல்லாம் "தினமும் அரை மணி நேரம் நடங்க"ன்னு சொல்லிட்டு, ஒரு மாடி ஏற லிஃப்ட்டுக்கு நிக்கிற ஆளு.

ஒரு நாள் வெக்கமாப் போய் ஓட ஆரம்பிச்சேன்.

எங்க ஏரியால ஓடுறதுன்னா என்னன்னு மெரினா பக்கம் ஓடுறவங்களுக்குத் தெரியாது. காலைல அஞ்சு மணிக்குத் திருவொற்றியூர் தேரடியில இருந்து எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்தா, துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்கும். லாரிக்குக் கீழே ஒருத்தர் தூங்குவார், பக்கத்துல கிளீனர் பையன் பல்லு விளக்குவான். ஒரு பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டின கருங்கல்லு, இன்னொரு பக்கம் டீசல் புகை. காசிமேடு பக்கமா ஓடினா மீன் ஏலச் சத்தம் தூரத்துலேயே கேக்கும். மூக்குல என்ன வாசனை வருதுன்னு வச்சே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இங்க பொறந்தவங்க சொல்லிடுவாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் படிஞ்சது, அதே மாசக் கடைசில பெரியகுப்பத்துல அம்மோனியா கசிஞ்சது. அந்த மாசம் முழுக்க நான் ஓடவே இல்ல. இந்தக் காத்துல ஓடுறது நல்லதா கெட்டதான்னு கேட்டா, லாரி நகர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓடி முடிச்சுடுங்கன்னு மட்டும் சொல்வேன்.

இப்போ அந்தப் பொண்ணு.

பேரு வேணாம். வயசு பன்னண்டு. அப்பா மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் லோடு ஏத்துறவர். வாந்தி, வயித்துவலின்னு ராத்திரி பதினோரு மணிக்கு கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு வாரமாவே குடம் குடமாத் தண்ணி குடிக்கிறா, ராத்திரில நாலு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போறா, உடம்பு இளைச்சுக்கிட்டே போகுதுன்னு அம்மா சொன்னாங்க. மூச்சு ஆழமா, வேகமா. கிட்டப் போனா பழ வாசனை. குளுக்கோமீட்டர் நம்பரே காட்டல, "ஹை"ன்னு காட்டுச்சு. டைப் 1 சர்க்கரை. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லுங்களை உடம்போட எதிர்ப்புச் சக்தியே அழிச்சுடும். இனிப்பு சாப்பிட்டதால வர்றது இல்ல. அம்மா அப்பா மேல எந்தத் தப்பும் இல்ல.

1922-க்கு முன்னாடி இந்தக் குழந்தைங்க பெரும்பாலும் பிழைச்சதில்ல. அந்த வருஷம் ஜனவரில டொராண்டோவுல லெனார்ட் தாம்சன்னு ஒரு 14 வயசுப் பையனுக்கு முதல் தடவையா இன்சுலின் போட்டாங்க. கண்டுபிடிச்சவங்க காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு யுனிவர்சிட்டிக்குக் கொடுத்துட்டாங்க. இவளும் பிழைச்சா. எட்டாவது நாள் வீட்டுக்குப் போனா.

இன்சுலின் அரசு ஆஸ்பத்திரில இலவசம். ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவை விரல்ல குத்திப் பார்க்கணும், அதுக்கு ஸ்ட்ரிப் வேணும். வெளில வாங்கினா ஒண்ணு பதினஞ்சுல இருந்து இருபது ரூபா. மாசம் ரெண்டாயிரம் வாக்குல போயிடும். ஐஸ் லோடு ஏத்துற வீட்டுல அது என்ன காசுன்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். மாசக் கடைசி ஆனா அந்தம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்ப்பாங்க. அப்புறம் அதுவும் இல்ல.

அந்த நேரத்துலதான் சென்னை மாரத்தானுக்குப் பேரு கொடுத்திருந்தேன், 10 கிலோமீட்டர். சென்னை ரன்னர்ஸ் நடத்துறது, சமீப வருஷங்கள்ல டைப் 1 விழிப்புணர்வையும் கையில எடுத்திருக்காங்க. சரி, நம்மளும் ஏதாவது பண்ணுவோம்னு காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன்: "நான் ஓடி முடிக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்களால முடிஞ்சதைத் தாங்க. ஸ்ட்ரிப் வாங்கணும்."

சாதாரணமா அந்தக் குரூப்ல காசு கேட்டா எல்லாரும் ஆன் கால் டியூட்டில இருப்பாங்க. இந்தத் தடவை 41,500 ரூபா வந்துச்சு. ஒருத்தன் "நீ பத்து கிலோமீட்டர் ஓடினா அதிசயம், அதுக்கே தரேன்"னான்.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கு. 2013-ல ஒலிவோலா, ஷஃபீர்னு ரெண்டு பேர் வெளியிட்டாங்க. ஜாலியா ஒரு பிக்னிக் வச்சு நிதி திரட்டுறதை விட, வலிச்சு, வியர்த்து ஓடித் திரட்டுறதுக்கு ஜனங்க அதிகமாத் தர முன்வர்றாங்களாம். கஷ்டப்பட்டாத்தான் அர்த்தம்னு மனசு நினைக்குது. நமக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையா? ராயபுரத்துலயும் காசிமேட்டுலயும் வருஷா வருஷம் காவி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போறாங்களே, அவங்களை பஸ்ல போங்கன்னு சொல்லிப் பாருங்க.

ஓடினேன். ஏழாவது கிலோமீட்டர்ல "எதுக்குடா இதெல்லாம்"னு இருந்துச்சு. ஒன்பதாவதுல என்னவோ ஆச்சு. கால் வலி எங்கயோ போயிடுச்சு. கடல் காத்து, பக்கத்துல ஓடுறவங்க சத்தம், எல்லாமே பிடிச்சிருந்துச்சு. முடிவுக் கோட்டைத் தாண்டினப்போ கண்ணு கலங்கிடுச்சு. பத்து வருஷம் கேஷுவாலிட்டில நின்ன எனக்கு இப்படி ஒரு சுத்தமான சந்தோஷம் வந்து ரொம்ப நாளாச்சு.

அந்த சந்தோஷம் எங்க இருந்து வருதுன்னு டாக்டரா சொல்றேன். எல்லாரும் எண்டார்ஃபின்னு சொல்வாங்க. ஆனா ரத்தத்துல இருக்கிற எண்டார்ஃபின் மூளைக்குள்ள அவ்வளவு சுலபமா நுழையாது. 2021-ல ஜெர்மனில ஒரு சோதனை: எண்டார்ஃபின் வேலை செய்யாம தடுக்கிற மாத்திரையைக் கொடுத்துட்டு ஓட விட்டாங்க. அப்பவும் அந்தப் பரவசம் வந்துச்சு. இப்போ சந்தேகம் இன்னொரு பொருள் மேல. அதுக்குப் பேரு ஆனந்தமைடு. ஆமா, நம்ம ஆனந்தமேதான். 1992-ல ஜெருசலேம்ல அதைக் கண்டுபிடிச்சவங்க சமஸ்கிருதத்துல இருந்து எடுத்து வச்ச பேரு. கஞ்சா மூளைல எந்தப் பூட்டைத் திறக்குதோ அதே பூட்டுக்கு நம்ம உடம்பே செஞ்சு வச்சிருக்கிற சாவி. (இதைப் படிச்சுட்டு கமெண்ட்ல யாரும் ஆரம்பிக்காதீங்க.)

அதுக்கு மேல கொடுக்கிற சந்தோஷம் வேற. 2008-ல வான்கூவர்ல கொஞ்சம் பேருக்கு காலைல அஞ்சு டாலர் இல்லன்னா இருபது டாலர் கொடுத்து, சாயங்காலத்துக்குள்ள செலவு பண்ணச் சொன்னாங்க. சில பேர் தனக்கு, சில பேர் அடுத்தவங்களுக்கு. அடுத்தவங்களுக்குச் செலவு பண்ணவங்கதான் அதிக சந்தோஷமா இருந்தாங்க. அஞ்சா இருபதான்றது பெரிய வித்தியாசம் பண்ணல. ஆக, நல்ல காரியத்துக்கு ஓடுறவனுக்கு டபுள் போனஸ். 2023 ஆகஸ்ட்ல சென்னைல கலைஞர் நினைவு மாரத்தான்ல 73 ஆயிரம் பேருக்கு மேல ஓடி கின்னஸ் ஆச்சே, அந்தக் கூட்டத்துல பாதிப் பேர் முகத்துல இருந்த சிரிப்புக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். மீதிப் பேர்ல எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களும் இருந்தாங்க. அப்போ சுகாதாரத் துறை அமைச்சரே மாரத்தான் ஓடுறவரா இருந்தார், கீழே இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?

மெடலோட போட்டோ போட்டேன். நானூறு லைக். "ரியல் ஹீரோ டாக்டர்"னு நாலு பேர். ரெண்டு நாள் தரையில கால் படல எனக்கு.

ஸ்ட்ரிப் டப்பாக்களை எடுத்துக்கிட்டு ஓ.பி.க்குப் போனேன். மூணு பிள்ளைங்களுக்குப் பிரிச்சா ஆளுக்கு ஆறு மாசம் வரும். அவ அம்மாவோட வந்திருந்தா. அம்மா அழுதாங்க. இவ டப்பாவை வாங்கிக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருந்தா.

"சொல்லு பாப்பா."

அம்மாதான் சொன்னாங்க. "உங்க போட்டோவ போன்ல பாத்ததுல இருந்து ஒண்ணு கேக்கணும்னு சொல்லிகினே கீறா சார்."

"சார், எனக்கோசரம் நீங்க ஓடினீங்க இல்ல? நான் மட்டும் ஏன் சார் ஓடக் கூடாது?"

யார் ஓடக் கூடாதுன்னு சொன்னதுன்னு கேட்டேன். அம்மா பைக்குள்ள இருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தாங்க. அதுல இங்கிலீஷ்ல ஒரு வரி: கடினமான உடற்பயிற்சியைத் தவிர்க்கவும். கீழே கையெழுத்து என்னோடது.

ஞாபகம் வந்துடுச்சு. இருபத்தி நாலு மணி நேர டியூட்டி முடியுற நேரம். "ஸ்கூல்ல வெளையாடலாமா சார்?"னு அம்மா கேட்டாங்க. "இப்போதைக்கு வேணாம்மா, எங்கயாவது மயங்கி விழுந்துடப் போறா"ன்னேன். எழுதினப்போ அந்த "இப்போதைக்கு" விட்டுப்போச்சு. அம்மா அந்தச் சீட்டை ஸ்கூல்ல காட்டியிருக்காங்க. ஸ்கூல்ல சரியாத்தான் செஞ்சாங்க, டாக்டர் சொன்னதைக் கேட்டாங்க. ஏழு மாசம், பி.டி. பீரியட்ல மத்தவங்க கோ-கோ ஆடுறதைப் படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்திருக்கா. அதுக்கு முன்னாடி அவ டீம்ல வேகமா ஓடுறவ அவதானாம்.

அவளுக்காக நான் மெரினாவுல ஓடி ஆனந்தமா இருந்தப்போ, அவளை உட்கார வச்சதே நான்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அறத்துக்காக ஓடின ஓட்டங்கள்லயே பெரியது யார் ஓடினதுன்னு யோசிச்சேன். டெர்ரி ஃபாக்ஸ். கனடாக்காரப் பையன், எலும்புப் புற்றுநோயால வலது காலை எடுத்துட்டாங்க. 1980-ல செயற்கைக் காலோட தினம் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான், 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவினதாலதான் நின்னார். அடுத்த வருஷம் இறந்தப்போ வயசு 22. அவர் பேர்ல நம்ம சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துலயும் ஓட்டம் நடந்திருக்கு. அதுல ஓடினவர் பேஷண்ட். வேற யாரோ அவருக்காக ஓடல.

டைப் 1-னு பார்த்தா வாசிம் அக்ரம். 1997 வாக்குல அவருக்கு வந்துச்சு. 1999 ஜனவரில சேப்பாக்கத்துல நம்மளை 12 ரன்ல தோக்கடிச்ச டீமுக்கு அவர்தான் கேப்டன். எனக்கு அப்போ ஒன்பது வயசு, டி.வி. முன்னாடி அழுதேன். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கைதட்ட, பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுத்தி வந்துச்சு. அந்தக் கேப்டன் இன்சுலின் போட்டுக்கிட்டு விளையாடினவர்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது.

மறுநாளே சீட்டை மாத்தி எழுதினேன். தமிழ்ல, பெரிய எழுத்துல: விளையாடலாம், ஓடலாம். எங்க குழந்தைகள் நல மேடத்துக்கிட்ட கேட்டு, எப்படின்றதையும் சேர்த்தேன். வீட்டுல டைப் 1 பிள்ளை இருக்கிறவங்களுக்காக இங்கயும் போடுறேன். ஓடுறதுக்கு முன்னாடி சுகர் பாருங்க. 90-க்குக் கீழ இருந்தா முதல்ல ஏதாவது சாப்பிடணும், ஏறின அப்புறம்தான் ஓட்டம். 250-க்கு மேல போய் உடம்பும் சரியில்லன்னா, இல்ல கீட்டோன் இருந்தா, அன்னிக்கு ஓட்டம் வேணாம். பாக்கெட்ல குளுக்கோஸ் எப்பவும் இருக்கணும். கூட இருக்கிற ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும். ரொம்ப முக்கியமானது, ஓடின அன்னிக்கு ராத்திரி சுகர் இறங்கலாம். டோஸை நீங்களா மாத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

இதுக்கெல்லாம் என்ன வேணும்? ஸ்ட்ரிப். அந்த 41,500 அப்பத்தான் உண்மையிலேயே வேலைக்கு வந்துச்சு.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டு. பி.டி. மிஸ், அம்மா, நான், அவ ஃபிரெண்ட்ஸ் ஆறேழு பேர். ஆரம்பிக்கும்போது 146. கூட ஓடலாம்னு நானும் ஷூ போட்டுட்டுப் போயிருந்தேன். முதல் ரவுண்டுலேயே என்னை விட்டுட்டுப் போயிட்டா. பத்து கிலோமீட்டர் மெடல் வாங்கின ஆளு நான், பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது. ரெண்டு ரவுண்டுக்கு அப்புறம் நிறுத்திப் பார்த்தோம், 121. ரெண்டு பிஸ்கட். மறுபடி ரெண்டு ரவுண்டு. முடிச்சுட்டு மண்ணுல அப்படியே மல்லாந்து படுத்துட்டா. மூச்சு வாங்குது, சிரிப்பு நிக்கல. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன், நானூறு லைக் வாங்கின என் போட்டோல.

கிளம்பும்போது அம்மா கேட்டாங்க: "ராவுல எழுந்து பாக்கணுமா சார்?"

"இன்னிக்கு மட்டும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கம்மா. பார்த்துட்டு எனக்கு அனுப்புங்க."

ராத்திரி 2.10-க்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஆடின கையில எடுத்தது, பாதி மங்கல். மீட்டர்ல 108. கீழே வாய்ஸ் நோட், அம்மாவோட கொட்டாவியோட: "தூங்குறா சார்."

நானும் போனை வச்சுட்டுப் படுத்தேன்.