லென்ஸ் வாங்க முதல் தூரத்தை முடிவு செய்யுங்கோ

"எந்தக் கமரா பாவிக்கிறீங்கள்?" எண்டு எங்களிட்டக் கேக்கிற ஆக்கள் அதிகம். அதுக்குப் பதில் லேசு. எங்கட குழுவிடம் இருப்பது ஒரே ஒரு சோனி ஏ6000. 2014இல் வெளிவந்த மொடல். எல்லாரும் காசு போட்டு, பாவிச்ச கமராவாகத்தான் வாங்கினோம். பற்றரி, கார்ட் எல்லாம் போட்டும் 344 கிராம்தான். தோள்பையில் கிடந்தால் பாரமே தெரியாது. ஆனால் "எந்த லென்ஸ், ஏன்?" எண்டு ஆரும் கேக்கிறதில்லை. எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது அதைப் பற்றித்தான்.

வாக்குவாதத்துக்கு முதல் காரணம் காசு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு, கிட்டத்தட்ட 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வெளியில இருந்து வாற சாமானை "இதையும் வாங்குவம், அதையும் வாங்குவம்" எண்டு சொல்லுற நிலை இல்லை. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

கமராவோடு வந்த 16-50 மி.மீ லென்ஸில் பகலில் ஒரு குறையும் இல்லை. சந்தை, கடற்கரை, வீதி எல்லாத்துக்கும் காணும். பிரச்சினை பொழுதுபட்டால்தான். அதன் துவாரம் எஃப் 3.5இல் தொடங்கி, ஸூம் செய்யச் செய்ய எஃப் 5.6க்குப் போய்விடும். இந்த இலக்கம் கூடக் கூட வெளிச்சம் உள்ளே வரும் வாசல் சின்னதாகும். எஃப் 1.4இல் வரும் வெளிச்சம் எஃப் 5.6இல் வருவதைப் போல 16 மடங்கு. ஒரு பல்ப் எரிகிற வீட்டுத் திண்ணையில் அம்மம்மாவைப் படம் எடுத்துப் பாருங்கோ. ஒன்றில் முகம் ஆடிப்போகும், இல்லாட்டி படம் முழுக்க மணல் தூவினது மாதிரி இருக்கும்.

எங்களுக்கு முன்னால் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, சோனியின் 55-210 மி.மீ ஸூம். மற்றது, சிக்மாவின் 30 மி.மீ எஃப் 1.4. இதில் ஸூம் கிடையாது. பாதிப்பேர் முதலாவதைத்தான் கேட்டினம். தேர்த் திருவிழாவில் சனத்துக்கு மேலால் சாமியை எடுக்கலாம், மட்ச் எடுக்கலாம், ஆரையும் கரைச்சல்படுத்தாமல் தூரத்தில் நிண்டே முகங்களை எடுக்கலாம் என்பது அவர்களின் நியாயம்.

அந்த "தூரத்தில் நிண்டே" என்ற சொல்லில்தான் கதை திரும்பியது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களைப் போன்றவர்களையும் படம் எடுக்க வேண்டும் என்பது எங்கட விருப்பம். ஆனால் சிவில் உடையில் தள்ளி நின்று தங்களைப் படம் எடுப்பவர்களை அவர்கள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார்கள். றோட்டுக்கு அந்தப் பக்கத்தில் நீட்டு லென்ஸோடு ஒருத்தர் நின்றால், அவர் ஆர் எண்டு அந்த அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?

கணக்குப் பார்த்தோம். ஒருவரை அரை உடம்பளவில் எடுக்க, 30 மி.மீ லென்ஸோடு ஏறக்குறைய ஒன்றரை மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டும். 210 மி.மீ என்றால் அதே படத்தைப் பத்து மீற்றருக்கு அப்பால் நின்றே எடுக்கலாம். பத்து மீற்றரில் நிற்கிறவர் ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை. ஒன்றரை மீற்றரில் "வணக்கம் அம்மா" சொல்லாமல் கமராவைத் தூக்கேலாது. ஆர், எதுக்கு, எங்க போடப்போறம் எண்டு சொல்ல வேண்டிவரும். "வேண்டாம் பிள்ளை" எண்டு அவ சொல்லவும் இடமிருக்கும். நாங்கள் 30 மி.மீ வாங்கினோம்.

எல்லாரும் இதையே வாங்குங்கோ எண்டு சொல்ல வரேல்லை. மன்னாரில் பூநாரை எடுக்கப் போறவருக்கு 30 மி.மீ ஒன்றுக்கும் உதவாது. இன்னொன்று, இந்த லென்ஸிலும் ஏ6000இன் உடம்பிலும் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இல்லை. கையில் பிடித்து வீடியோ எடுக்கிறவர்களுக்கு அந்த வசதியுள்ள சோனி 35 மி.மீ எஃப் 1.8 பொருத்தம், விலைதான் கூட.

கையில் காசு குறைவென்றால் பழைய பிலிம் கமரா லென்ஸ்களைத் தேடுங்கோ. இந்தக் கமராவில் லென்ஸ் பூட்டும் இடத்துக்கும் சென்சருக்கும் இடைவெளி 18 மி.மீ மட்டும். பழைய எஸ்.எல்.ஆர் கமராக்களில் அது 40க்கு மேல். மிச்ச இடைவெளியை நிரப்ப, உள்ளே கண்ணாடியே இல்லாத ஒரு வளையம் காணும். போகஸ் கையால்தான் செய்ய வேண்டும்; கூர்மையான விளிம்புகளைக் கமராவே நிறம் போட்டுக் காட்டும். பழைய 50 மி.மீ லென்ஸ் இதில் 75 மி.மீ போலத் தெரியும், முகங்களுக்கு நல்லது. வாங்க முதல் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கோ. சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம், விட்டுட்டு வாங்கோ.

மற்றச் சாமான்களில் முதலிடம் பற்றரிக்கு. ஒரு சார்ஜில் 300 படம் சொச்சம்தான் வரும். அதனால் மேலதிகமாக ஒன்றாவது வேணும். போன் பவர் பாங்கிலேயே கமராவைச் சார்ஜ் செய்யலாம். பெரிய கார்ட் ஒன்றை விட நடுத்தர கார்ட் இரண்டு நல்லது. ஒன்று பழுதானால் எல்லாம் போகாது. எங்கட உப்புக் காத்துக்கும் மாரி ஈரத்துக்கும், காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வையுங்கோ. வெளி மைக் வாங்க ஓடாதேங்கோ. ஏ6000இல் மைக் செருகும் துளையே இல்லை. போனில் குரலைப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சாமான், எந்தக் கமராக் கடைப் பட்டியலிலும் இருக்காது. போராட்டங்களில் அம்மாமார் பிடித்திருக்கும் படங்களைக் கவனித்திருக்கிறீங்களா? அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாணவீட்டுக் குழுப்படத்தில் இருந்து வெட்டினது எண்டு பலவிதம். ஓடி ஓடி இடம்பெயர்ந்ததில் ஆல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அதனால் இப்ப எங்கட கணக்கில் பிரிண்டுக்கும் ஒரு தொகை இருக்கிறது. ஆரைப் படம் எடுத்தாலும் அஞ்சலட்டை அளவில் ஒன்று அடித்து, அடுத்த முறை போகேக்க கையில கொடுக்கிறது. ஒன்றரை மீற்றர் கிட்டப் போய் எடுத்த படமென்றால், அதை ஆரிட்டக் கொடுக்க வேணும் எண்டு தேடவேண்டி இருக்காது.