வில்லின் வளையாத இடம்

பட்டறைக் கதவைத் திறந்ததும் மீன் வாடைதான் முதலில் வந்தது. அடுப்பின் மேல் ஒரு சட்டியில் பசை வெதுவெதுப்பாக நின்றுகொண்டிருந்தது. கத்தாழை இனத்து மீன் ஒன்றின் காற்றுப்பையை ஊறவைத்துக் காய்ச்சி எடுத்த பசை. நம் மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் அதே பைதான். அது இல்லாமல் கொரியாவின் கொம்பு வில்லான கக்குங் இல்லை.

ஊர் யேச்சோன். தென் கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்தில், வில்லுக்குப் பெயர்போன சிற்றூர். 1979இல் பெர்லினில் நடந்த உலக வில்வித்தைப் போட்டியில் சாம்பியனான கிம் ஜின்-ஹோ இந்த ஊர்ப் பெண். அவர் பெயரில் இங்கே ஒரு வில்வித்தை மைதானமே இருக்கிறது. எனக்கு மைதானத்தைவிடப் பட்டறையைப் பார்க்கத்தான் ஆசை. தேகு நகரத்தில் ஆராய்ச்சி மாணவராக இருக்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் மொழிபெயர்க்க உடன் வந்தார். நவம்பர் மாதம், விடிந்து வெகுநேரமாகியும் வயல்களில் உறைபனி கரையவில்லை. குளிர் வந்தால்தான் இங்கே வில் வேலை சூடுபிடிக்கும். கோடையின் ஈரக்காற்றில் மீன் பசை சரியாகக் காயாது.

கக்குங் ஒரே மரத்தில் செதுக்கிய வில் அல்ல. உள்ளே மூங்கில். இரு முனைகளிலும் மல்பெரி மரம், மூங்கிலோடு ஆப்பு வடிவில் வெட்டிக் கோத்தது. எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில் எருமைக் கொம்பு, எதிர்ப்பக்கத்தில் மாட்டின் தசைநார், அதன் மேல் போர்வையாக மரப்பட்டை. நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறமாகச் சுருண்டு கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். நாண் பூட்டி எய்தால் 145 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குப் பலகைக்கு அம்பு போகும். இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கொம்பைப் பற்றியும் தசைநாரைப் பற்றியும் நிறையக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

பட்டறையில் வில் செய்யும் பெரியவர் அவற்றுக்கெல்லாம் சுருக்கமாகவே பதில் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். சுவரோரம் விறகுபோல அடுக்கியிருந்த மரத்துண்டுகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் பேச்சில் நிதானம் வந்தது. தம்பி என் பக்கம் குனிந்து, "அண்ணா, இன்றைக்குக் கைப்பிடிக்கு மரம் பொறுக்கப் போகிறாராம். நாம் நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறோம் என்கிறார்" என்றார்.

இரண்டு கொம்புப் பட்டைகளும் வில்லின் நடுவில் நெருங்கிவரும். அந்த இடைவெளியில் ஒரு மரத்துண்டை ஒட்டுகிறார்கள். அதன் பெயர் தேரிம். அம்பு எய்பவரின் இடக்கை பற்றுகிற இடம் அதுதான். வில்லின் இரு கைகளும் வளைந்து கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். நடுப்பகுதி மட்டும் அசையக் கூடாது. அது மயிரிழை வளைந்தாலும் கொம்பு முடிகிற இடத்தில் பசை விடும். வளையாமல் நிற்க ஒரு மரம், மீன் பசையையும் நன்றாகக் குடிக்கிற மரம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட விடை ஓக். கொரிய மொழியில் சாம்நாமு. 'உண்மையான மரம்' என்று பொருள். ஒரே மரத்தின் பெயரும் அல்ல அது. இலையுதிர்க்கும் ஓக் இனங்கள் ஆறேழுக்குப் பொதுப்பெயர். இந்த மரத்தின் கொட்டையில் களி கிளறிச் சாப்பிடுகிறார்கள், கட்டையில் காளான் வளர்க்கிறார்கள், கரி சுடுகிறார்கள். வில்லுக்குப் போவது அதில் ஒரு துளி.

அந்தத் துளியை எப்படிப் பொறுக்குகிறார் என்று பார்த்தேன். துண்டுகள் அறுத்தவை அல்ல, பிளந்தவை. ரம்பம் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் அறுத்துவிடும். கோடரியோ நார் போகிற வழியில்தான் போகும். பிளந்த முகத்தில் நார் நேராக ஓடினால் துண்டு இடப்பக்கம் போகும். முறுக்கிக்கொண்டு போனால் அடுப்புப் பக்கம். கணு இருந்தால் கேள்வியே இல்லை, அடுப்புதான். மரத்தின் நடுச்சோறு ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்த துண்டையும் அப்படியே வீசினார். காயக் காய அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும்.

பிறகு வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்து வளையங்களைப் பார்த்தார். இங்கேதான் நான் தவறு செய்தேன். வளையங்கள் நெருக்கமாக இருந்த ஒரு துண்டை எடுத்து, "இது மெதுவாக வளர்ந்த மரம், இதுதானே உறுதி?" என்று கேட்டேன். பெரியவர் அதையும் அகன்ற வளையங்கள் கொண்ட இன்னொன்றையும் என் இரு கைகளிலும் வைத்தார். ஒரே அளவுதான், ஆனால் அகன்ற வளையத் துண்டு கனமாக இருந்தது. பைன் மரத்துக்குப் பொருந்தும் கணக்கு ஓக்குக்குப் பொருந்தாது. ஓக் ஒவ்வொரு வசந்தத்திலும் பெரிய துளைகள் நிறைந்த ஒரு பட்டையைப் போடும், கோடையில் அடர்ந்த மரத்தைப் போடும். துளைப் பட்டையின் அகலம் பெரிதாக மாறுவதில்லை. மரம் ஏங்கி வளர்ந்த ஆண்டில் குறைவது கோடையின் அடர்மரம்தான். அதனால் நெருங்கிய வளையம் என்றால் துளைகள் மிகுந்த மரம், லேசான மரம். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு வரியாகக் கடந்திருப்பேன். உள்ளங்கையில் எடையாக வந்தபோதுதான் புரிந்தது.

என் தாத்தா தச்சர். உடுமலைப் பக்கம் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு போடுவார். கருவேலங்கட்டையைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். வைரம் பாய்ந்திருக்கிறதா, நார் நேராக ஓடுகிறதா என்பதுதான் அவரது இரண்டு கேள்விகள். இங்கேயும் அதே இரண்டு கேள்விகள்தான் என்று தம்பி வழியாகச் சொன்னேன். பெரியவர் கருவேலம் எப்படி இருக்கும் என்று விசாரித்தார், எடை, நிறம், பசை பிடிக்குமா என்று. அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னும் கடினமான மரங்கள் இருக்கின்றனவே, தேக்கு, ஈட்டி போல எதையாவது வைத்தால் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினார். எண்ணெய்ப் பசை உள்ள மரத்தில் மீன் பசை ஊறாது. இந்த வில்லில் ஆணி இல்லை, திருகு இல்லை, பிடிமானம் முழுவதும் பசையால்தான். கடினத்தை மட்டும் பார்த்து மரம் எடுத்தால் வில் இரண்டாகப் போகும் என்றார்.

உள்ளே போய் ஒரு பழைய வில்லை எடுத்துவந்தார். பழுதுபார்க்க வந்தது, வேறு கை செய்தது. பிடியின் மேலிருந்த துணியைப் பிரித்துக் காட்டினார். தேரிம் துண்டில் நார் சாய்வாக ஓடியிருந்தது. அந்தச் சாய்விலேயே மரம் விண்டு, கொம்பின் நுனி நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. கொம்பில் குறையில்லை, தசைநாரிலும் குறையில்லை. மாதக்கணக்கான உழைப்பு விரல் நீளத் துண்டு ஒன்றால் கிடப்பில் கிடந்தது. எனக்கு மனம் கனத்துப் போனது.

கொரிய அரசு வில் அம்பு செய்யும் கலையை 1971இல் தேசிய மரபாக அறிவித்தது. 2020இல் வில் எய்யும் மரபையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் பழகுகிறவர்களில் பலர் கண்ணாடியிழை வில்லைத்தான் எடுக்கிறார்கள். விலை குறைவு, மழை ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம், சூடான பெட்டியில் வைத்துக் காக்க வேண்டாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் நிலைத் தகுதியோ அதற்கு மேலோ பெற வேண்டுமென்றால் கக்குங்கும் மூங்கில் அம்பும்தான் வேண்டும் என்ற விதி இருக்கிறது. இந்தப் பட்டறைகளில் அடுப்பு எரிவதற்கு அந்த விதி ஒரு பெரிய காரணம். நல்ல விதி அது. ஒரு கலையைக் காப்பாற்றப் பட்டயம் மட்டும் போதாது, அந்தப் பொருளை யாராவது வாங்கிப் பயன்படுத்த வேண்டும்.

மதியத்துக்குள் முப்பது துண்டுகளுக்கு மேல் பார்த்துவிட்டார். இடப்பக்கம் சேர்ந்தவை ஐந்து. கடைசியாக அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து விரல் கணுவால் தட்டினார். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம் என்று அதையும் ஒதுக்கினார். மிச்சம் இருந்த நான்கின் வெட்டுமுகங்களிலும், ஈரம் சீராக வெளியேறட்டும் என்று பசையைத் தடவி, பென்சிலால் தேதி எழுதி, உத்தரத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார்.

அவை அடுத்த ஆண்டு குளிர்காலத்தில்தான் வில்லில் ஏறும்.