இருபது வாட்டும் ஒரு பச்சைக் கம்பியும்

சுங்குவார்சத்திரம் என்னும் பெயருக்குள்ளேயே ஒரு சத்திரம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் வழியில், வாலாஜாபாத்துக்கும் திருவள்ளூருக்கும் பாதைகள் பிரியும் இடம் இது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின், ஒரகடம் வரை தொழிற்சாலைகள் அணிவகுத்து எழுந்தன. இன்றும் இவ்வூர் சத்திரமாகவே இருக்கிறது. ஆனால் இங்குத் தங்குவோர் யாத்திரிகர் அல்லர். மூன்று ஷிப்ட்டுகளுக்கிடையே உறங்கி எழும் தொழிலாளர்.

அத்தகையோருள் நாங்கள் நால்வர். தூத்துக்குடியிலும் திண்டுக்கல்லிலும் குமரியிலும் பிறந்து, ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். சொந்த ஊரில் நால்வரும் பாடகர் குழுவில் இருந்தவர்கள். 2023ஆம் ஆண்டு தீபாவளி போனஸில் எங்களுள் ஒருவர் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்தார். கிறிஸ்து பிறப்புக் காலத்துக்குள் வாசித்துப் பழகி, ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடும் சிற்றாலயத்திலும், நண்பர் வீட்டு விழாக்களிலும் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆவல்.

எலெக்ட்ரிக் கிட்டார் தனித்து நிற்க இயலாத கருவி. அதன் உடல் கட்டை. உள்ளே வெற்றிடம் இல்லை. தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் உள்ளன. தந்தி அதிரும்போது அக்கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர் இல்லையேல் அக்கருவி ஊமை. ஆகவே ஆம்ப்ளிஃபையரைத் தேர்வது, கருவியின் மறுபாதியைத் தேர்வதே ஆகும். இதை நாங்கள் உணரப் பல வாரங்கள் ஆயின.

முதலில் ஆலயத்து மைக்செட்டில் கிட்டாரைச் செருகிப் பார்த்தோம். ஓசை மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அங்குள்ள மைக் துளை ஒலிவாங்கிக்கென அமைந்தது. கிட்டாரின் நுண்ணிய மின்னோட்டத்தை வாங்கும் துளைக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம் மின்மறுப்பு வேண்டும்; அதற்கு வெகுவாகக் குறைந்தால் மேல்ஸ்வரங்களின் பொலிவு மடிந்துபோகும். ஓசையைச் சற்றே கரகரப்பாக்க முயன்றால், தகரத்தைச் சுரண்டுவதுபோல் காது கூசிற்று. கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த விடுதலே அதன் இனிமை. மைக்செட்டின் ஸ்பீக்கரோ எதையும் விடுவதில்லை.

எனவே தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதென்று முடிவு செய்தோம். நால்வர் சேமிப்பும் சேர்ந்து 18,000 ரூபாய். எங்கள் எண்ணமெல்லாம் வாட்டிலேயே இருந்தது. வாட் கூடினால் கௌரவம் கூடும் என்று நம்பினோம். நண்பர் ஒருவரிடமிருந்து 50 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி வந்து, காலை பதினொரு மணிக்கு வாசித்தோம். பத்தே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா நின்றார். கணவரும் அவரும் இரவு ஷிப்ட் செய்பவர்கள். அவர் கோபிக்கவில்லை.

“தம்பி, எங்களுக்குப் பகல்தான் ராத்திரி” என்றார். அவ்வளவே. கண்கள் சிவந்திருந்தன.

எங்களுக்கு அன்று வெட்கமாயிற்று. பிறர் உறக்கத்தை விலையாகக் கொடுத்து நாம் வாங்கும் இசை, இசையாகுமா?

அதன்பின்தான் கணக்கைக் கற்றுக்கொண்டோம். ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டித்தால் ஓசை 3 டெசிபல் மட்டுமே உயரும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் உயரும். நம் செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். அதாவது 100 வாட் கருவி, 10 வாட் கருவியைப்போல் இருமடங்கே உரக்கக் கேட்கும். பத்து மடங்கு அன்று. எனில் சிறிய அறைக்கு 10 வாட்டே மிகுதி. அங்கு வேண்டுவது உரத்த ஓசை அன்று. தாழ்ந்த ஓசையிலும் குலையாத இனிமையும், ஹெட்போன் செருகும் துளையுமே.

ஒரு விடுமுறை நாளில் சென்னைக்குச் சென்று, அண்ணா சாலையில் 1842ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் முதலாகச் சில கடைகளில் ஏறி இறங்கினோம். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர்களின் குரல் எங்களை மயக்கியது. ஆயினும் அவை எடை மிக்கவை. வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். 5 வாட் வால்வுக் கருவிகூட முழுக் குரலெடுத்தால் லைன் வீடு தாங்காது. பாஸ் கட்டானா 50 என்பதில் 12 அங்குல ஸ்பீக்கரும், 50 வாட்டை அரை வாட்டாகத் தாழ்த்தும் திருகும் உண்டு. அறைக்கும் அரங்குக்கும் பொருந்துவது. எங்கள் பணத்துக்குத்தான் பொருந்தவில்லை. ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 20ஜி, ஆரஞ்சு க்ரஷ் 20 போன்றவை 20 வாட்டும் 8 அங்குல ஸ்பீக்கரும் ஹெட்போன் துளையும் கொண்டவை. அங்கு வந்திருந்த மூத்த கிட்டார் கலைஞர் ஒருவர் சொன்னார்: “முதல்ல மெதுவா வெச்சுக் கேளுங்க தம்பி. சத்தமா வெச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.” அந்த அறிவுரை ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் உரியதன்று என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அன்று நாங்கள் செவிமடுக்கவில்லை. பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 60 வாட் கருவி ஒன்று எங்கள் தொகைக்குள் கிடைக்கும் என்றார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்துப் பணம் தரலாம் என்றும் சொன்னார்கள். பெருமிதத்தோடு பேருந்தில் ஏற்றி வந்தோம். அதன் பிளக்கில் மூன்றாவது முள் ஒடிந்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் ஆலயத்தில் ஒத்திகை. கிட்டார் எங்கள் கருவியில். மைக் ஆலயத்து மைக்செட்டில். வாசித்துக்கொண்டே பாட முனைந்த எங்கள் நண்பரின் உதடு மைக்கைத் தொட்ட கணத்தில், அவர் அலறிப் பின்னால் சாய்ந்தார். உதட்டில் ஒரு நீலப் பொறியை நாங்கள் கண்டோம். இறைவன் அருளால் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை.

நிகழ்ந்தது இதுதான். கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. அச்சட்டத்துக்கு எர்த் இல்லாதபோது, உள்ளே கசியும் மின்சாரம் செல்ல வழியின்றித் தந்திகளில் காத்து நிற்கிறது. மைக்கோ எர்த் உள்ள வேறொரு கருவியோடு இணைந்தது. தந்தியில் கையும் மைக்கில் உதடும் பட்டால், இரண்டுக்கும் இடையே மனித உடலே கம்பியாகிறது. 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஸ்டோன் த க்ரோஸ் என்னும் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், கையில் கிட்டாரோடு எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். எங்கள் நண்பருக்கும் அவருக்கும் இடையிலிருந்த தூரம் மிகச் சிறிது.

அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்தோம். எலக்ட்ரீஷியனை அழைத்து எங்கள் அறையைச் சோதிக்கச் சொன்னோம். அவர் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. ஆறு வீடுகளிலும் அப்படியே. வீட்டு உரிமையாளரோ, இத்தனை ஆண்டுகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார்.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. எங்கள் அறைக்கு மட்டும் எர்த் போட்டால் செலவு குறையும். ஆறு வீட்டுக்கும் போட்டால் ஆறாயிரத்துக்கும் மேல் ஆகும். நமக்கென்ன, வாடகைக்கு இருப்பவர்கள்தாமே என்றார் ஒருவர். அது நியாயமாகவே பட்டது. ஆனால் ஷாக் வாங்கிய நண்பர் வாய் திறந்தார்: “அந்த அக்காவுக்கு ஒரு நாள் தூக்கத்தைக் கடன்பட்டிருக்கோம்ல.” அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வீட்டின் பின்புறம் குழி தோண்டிக் குழாய் புதைத்து, ஆறு வீட்டுக்கும் பச்சைக் கம்பி இழுத்தார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினார்கள். எஞ்சிய பணத்துக்குள் 20 வாட், 8 அங்குலக் கருவி ஒன்று புதிதாகவே அடங்கியது. பகலில் ஹெட்போன், மாலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் ஸ்பீக்கர் என்று விதி வகுத்துக்கொண்டோம்.

இந்தச் சிறிய கருவி விழாவுக்குப் போதுமா என்று அஞ்சினோம். டிரம்ஸ் செட்டோடு தனித்துப் போட்டியிட அதனால் இயலாது, அது உண்மை. ஆனால் கஹோன் பெட்டியோடும் தபேலாவோடும் நன்கு இசைந்தது. தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றிச் சற்றே சாய்த்து வைத்தால், ஓசை முழங்காலுக்குப் போகாமல் செவிக்கு வருகிறது. இடம் பெரிதாயின், ஸ்பீக்கருக்கு முன் ஒரு மைக்கை நிறுத்தி மைக்செட்டுக்கு அனுப்பிவிடலாம். அரங்கை நிறைப்பது மைக்செட்டின் வேலை. குரலின் குணத்தைத் தருவதே ஆம்ப்ளிஃபையரின் வேலை.

ஆலயத்திலும் ஒரு மனக்குறை இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டார் திருப்பலிக்கு ஆகாது என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். பங்குத்தந்தை, 1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வெளியான திருஇசை பற்றிய அறிவுரையை அவருக்கும் எங்களுக்கும் சேர்த்தே நினைவூட்டினார். கருவிகளின் ஓசை குரலை மூழ்கடித்துப் பாடலின் சொற்கள் விளங்காமல் செய்யலாகாது என்பது அதில் அடங்கிய நெறி. பெரியவரின் பாடற்குரல் எங்களுக்குக் கேட்கும் அளவே எங்கள் அளவு என்று வைத்துக்கொண்டோம். கிறிஸ்து பிறப்பு இரவில், திருகு மூன்றைத் தாண்டவில்லை. முடிவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரைத் தூக்கிப் பார்த்து, “கனமா இருக்கே” என்றார்.

புத்தாண்டுக்குப் பின் ஒரு மாலை, பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் சட்னியோடு வந்தார். “தம்பி, மிக்சியைத் தொட்டா முன்னெல்லாம் சுருக்குன்னு இழுக்கும். ஈரக்கையோட தொடவே பயம். இப்ப ஒண்ணும் இல்லை. நீங்க என்னமோ பண்ணீங்கன்னு ஓனர் சொன்னார்” என்றார்.

ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் புறப்பட்டோம். அதன் சிறந்த பகுதி சுவருக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல், மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. நாங்கள் இச்சத்திரத்தைவிட்டு நீங்கும் நாளில் கிட்டாரையும் கருவியையும் தூக்கிச் செல்வோம். அந்தப் பச்சைக் கம்பி இங்கேயே இருக்கும்.