ஷீட்ல இல்லாத காலம்

235 நாள் தனியா கடல்ல இருந்துட்டு, உலகத்தையே சுத்திட்டு வர்ற ஒருத்தருக்கு, தான் முதலிடத்துல இருக்கோம்னு கரை வந்து சேர்ற நேரம் வரைக்கும் தெரியாது. நம்புவீங்களா? எனக்கும் முதல்ல நம்ப முடியல.

அவங்க பேர் கிர்ஸ்டன் நொய்ஷாஃபர், தென்னாப்பிரிக்காக்காரங்க. போட்டி பேர் கோல்டன் குளோப் ரேஸ். 2022 செப்டம்பர் 4 அன்னைக்கு பிரான்ஸ்ல லே சாப்ல் தொலோன் என்ற ஊர்ல இருந்து 16 பாய்மரப் படகுகள் கிளம்பின. ஒரு படகுக்கு ஒரே ஆள். எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தி அதே ஊருக்குத் திரும்பணும். அப்படி முடிச்சது 3 பேர்தான். 2023 ஏப்ரல் 27 அன்னைக்கு கிர்ஸ்டன் வந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு நம்ம நாட்டு அபிலாஷ் டோமி வந்தார், இரண்டாவது இடம். 2018ல இதே போட்டியில நடுக்கடல்ல பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்புல அடிபட்டு, எழுந்திருக்க முடியாம படகுக்குள்ள கிடந்து காப்பாத்தப்பட்டவர் அவர்!

இந்தப் போட்டியில ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக் கூடாது. ஆபத்துக்குன்னு ஒன்னு சீல் வச்ச பெட்டியில இருக்கும், அவ்வளவுதான். காகித வரைபடமும் செக்ஸ்டன்ட்டும்தான் வழி. நண்பகல்ல சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்தா அட்சரேகை கிடைக்கும். அங்க உச்சி வேளை ஆகுறப்போ கிரீன்விச்ல மணி என்னன்னு பார்த்தா தீர்க்கரேகை. 4 நிமிஷ வித்தியாசத்துக்கு ஒரு டிகிரி. வானம் மூடிக்கிட்டா அன்னைக்கு கணக்கு இல்ல, குத்துமதிப்புதான்.

தூங்குறப்போ சுக்கானை யார் பிடிப்பாங்க? அதுக்கு விண்ட்வேன்னு ஒன்னு. பின்னாடி ஒரு தகடு காத்தைப் பார்த்து நிக்கும். படகு திசை மாறினா தகடு சாயும். அது தண்ணிக்குள்ள இருக்கற துடுப்பைத் திருப்பும். ஓடுற தண்ணி அந்தத் துடுப்பைத் தள்ள, கயிறு இழுபட்டு சுக்கான் திரும்பும், படகு பழைய திசைக்கு வரும். கரன்ட் இல்ல, கோடிங் இல்ல. அஞ்சாவது செமஸ்டர்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைஞ்ச நெகட்டிவ் ஃபீட்பேக் இதேதான். அபிலாஷுக்கு அது உடைஞ்சப்போ டாய்லெட் கதவை அறுத்து சரி பண்ணியிருக்கார்.

கடைசி வாரங்கள்தான் கொடுமை. கரை பக்கம் வந்தாச்சு, ஆனா காத்து விழுந்துடும். படகு அசையாது. பக்கத்துல யார் இருக்காங்க, முன்னாடி யார், ஒன்னும் தெரியாது. ஆனா கரையில இருக்கற அத்தனை பேரும் மொபைல்ல ட்ராக்கர் பார்த்துக்கிட்டிருப்பாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க டிபார்ட்மென்ட் ப்ளேஸ்மென்ட் ஷீட் ஞாபகம் வந்துச்சு. வேலை கிடைச்சவங்க வரிசை பச்சை, மத்தது வெள்ளை. ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் நான் வெள்ளை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்துட்டுத்தான் படுப்பேன். பார்க்கிறதால என் வரிசை ஒரு இன்ச் கூட நகரல. 'பார்க்காதீங்க'ன்னு அட்வைஸ் பண்ண வரல மக்களே. வீட்ல எஜுகேஷன் லோன் இருக்கறவங்களுக்கு அது அவ்வளவு சுலபம் இல்ல.

நான் சொல்ல வந்தது வேற. 2022 நவம்பர்ல இந்தியப் பெருங்கடல்ல டாபியோ லெஹ்டினென் என்ற பின்லாந்து போட்டியாளரோட படகு நிமிஷக் கணக்குல மூழ்கிடுச்சு. அவர் லைஃப் ராஃப்ட்ல மிதந்துக்கிட்டிருந்தார். கிர்ஸ்டன் தன் வழியை விட்டு, ராத்திரி முழுக்க கையாலேயே சுக்கான் பிடிச்சு போய் அவரைத் தூக்கினாங்க. ஒரு சரக்குக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டு, மறுபடி போட்டியைத் தொடர்ந்தாங்க. அதுக்குச் செலவான நேரத்தை போட்டி நடத்தினவங்க பின்னாடி கணக்குல கழிச்சுக் கொடுத்தாங்க.

ஜனவரியில ஒரு கம்பெனி வந்துச்சு. நானும் என் ரூம்மேட்டும் ரெண்டு பேருமே டெக்னிக்கல் ரவுண்ட் வரைக்கும் போயிட்டோம். முந்தின நாள் ராத்திரி எனக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சுத்தமா நிக்கல. அவன் தன் ரிவிஷனை மூடி வச்சுட்டு, ஒரு மணி வரைக்கும் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். மறுநாள் கேள்வியும் அதுல இருந்துதான். என் வரிசை பச்சை ஆயிடுச்சு. அவனோடது இன்னும் வெள்ளை.

அந்த நேரத்தை அவனுக்கு யார் கழிச்சுக் கொடுப்பாங்க? ஷீட்ல பேர் இருக்கு, சிஜிபிஏ இருக்கு, பேக்கேஜ் இருக்கு. 'யாருக்காகத் திரும்பிப் போனான்' என்று ஒரு காலம் கிடையாது. அவன்கிட்ட இதைச் சொன்னா, "டேய், நீ கேட்ட, சொன்னேன், அதுக்கு என்ன இப்போ?" என்று மெஸ்ஸுக்குக் கிளம்பிடுவான்.

ஜூனியர்ஸ், உங்க வருஷத்து ஷீட் வரும்போது, வெள்ளை வரிசையைப் பார்த்து ஒருத்தனை எடை போடாதீங்க. அவன் எங்க திரும்பிட்டு வந்தான்னு உங்களுக்குத் தெரியாது.

வர்ற வியாழக்கிழமை அவனுக்கு இன்னொரு கம்பெனி. டிபிஎம்எஸ்ல கேப்பாங்களாம். அது எனக்கு வரும். இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறோம்.